முடியில்லா இனம் என்று விற்றார்கள், அது சொறியில் முடி கொட்டிய குட்டி

ஷோலோ குட்டி வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஷோலோயிட்ஸ்குவின்ட்லி என்பது முழுப்பெயர். மெக்சிகோவின் பழமையான, உடம்பில் முடி இல்லாத நாய். எனக்குப் பல வருட ஆசை. விற்றவர் எட்டு வாரக் குட்டியைக் கையில் கொடுத்தபோது கண்ணைச் சுற்றியும் காது ஓரத்திலும் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. கேட்டேன். "இந்த இனத்துக்குத் தோல் அப்படித்தான், இதைத் தினமும் தடவுங்க" என்று லேபிள் கிழித்த களிம்பு ஒன்றையும் கொடுத்தார். மூன்று வாரம் தடவினேன். குட்டி ராத்திரி முழுக்கச் சொறிந்தது, சிவப்பு வயிறுவரை இறங்கியது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

கால்நடை மருத்துவர் முதலில் வாயைத் திறந்து பார்த்தார். பால்பற்கள் 28-ம் இருந்தன. ஷோலோவின் முடியை இல்லாமல் செய்யும் மரபணு மாற்றமே பல்லையும் பாதிக்கும், பெரும்பாலும் முன்கடைவாய்ப் பற்கள் குறைவாக இருக்கும் என்றார். சந்தேகம் வந்து தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தார். டெமோடெக்ஸ் என்ற சிறு உண்ணிகள் நிறைய. எதிர்ப்புச் சக்தி குறைந்த குட்டிகளில் இவை பெருகி முடியைக் கொட்ட வைக்கும். களிம்பில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். ஸ்டீராய்டு இந்த நோயை மோசமாக்கும்.

"எங்க குட்டிகள்ல முடியோட ஒண்ணுகூடப் பிறக்காது" என்று விற்றவர் பெருமையாகச் சொன்னாரே, அதுவும் பொய். அந்த மரபணு மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கரு பிழைக்காது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்ததுதான் முடியில்லாமல் பிறக்கிறது. அதனால் முடியில்லாத ஜோடிக்கும் பிறப்பதில் சராசரியாக மூன்றில் ஒன்று முடியோடுதான் இருக்கும். தாயையும் கூடப் பிறந்தவற்றையும் காட்ட மறுத்தபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தேய்த்து எடுத்துச் செய்யும் மரபணுப் பரிசோதனை இருக்கிறது, அதன் முடிவைக் கேளுங்கள்.

உண்மையான ஷோலோவின் தோல் வழவழப்பாக, மெத்தென்று இருக்கும். இளம் வயதில் பரு வரலாம். ஆனால் பொருக்கு, நாற்றம், ஓயாத சொறிதல் எல்லாம் நோய். பராமரிப்பே வேண்டாம் என்பதையும் நம்பாதீர்கள். வெயிலில் தோல் கன்றிவிடும், குளிர் தாங்காது. முடி இல்லாததால் ஒவ்வாமையே வராது என்பதும் தவறு. நாயின் எச்சிலும் தோல் செதிலும் போதும், ஒவ்வாமை வர.

இப்படி ஒரு குட்டி ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், விற்றவர் கொடுத்த களிம்பை மருத்துவரிடம் காட்டி, தோல் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் குட்டி சில மாத மருந்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறது, உடம்பெல்லாம் பழுப்பு முடி. எங்களுக்கு அதுவே போதும்.

ஆனால் எனக்கு அனுப்பிய அதே படங்கள் போன வாரம் வேறு பெயரில் மறுபடி விளம்பரத்தில் வந்திருக்கின்றன. அதனால்தான் எழுதினேன்.