டெக்சஸ் ப்ரொபொசிஷன் கையேடு: ஓட்டு போடுறதுக்கு முன்னாடி கண்டிப்பா படிங்க

டெக்சஸ்ல ஒற்றைப்படை வருஷ நவம்பர்ல மாநில அரசியலமைப்பு திருத்தங்கள் ஓட்டுக்கு வரும்ல (ஒவ்வொண்ணையும் ப்ரொபொசிஷன்னு நம்பர் போட்டு சொல்வாங்க), அதுக்கு முன்னாடி மாநில சட்டமன்றத்துக்கு உதவுற டெக்சஸ் லெஜிஸ்லேடிவ் கவுன்சில்ங்கிற அரசு அமைப்பு ஒரு கையேடு போடுறாங்க, ஆன்லைன்ல பிடிஎஃப்பா ஃப்ரீயாவே கிடைக்குது, அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. என் மார்க் அஞ்சுக்கு அஞ்சு.

பேலட்ல, அதாவது ஓட்டுச்சீட்டுல, இருக்கிற வாக்கியத்தை மட்டும் படிச்சா பாதி விஷயம் புரியவே புரியாது. 2025ல வந்த ப்ரொபொசிஷன் 4ஐயே பாருங்க, விற்பனை வரியில ஒரு பகுதியை தண்ணி நிதிக்கு ஒதுக்கலாமான்னு கேட்டிருந்தாங்க, எவ்வளவுன்னு பேலட்ல ஒரு வார்த்தை இல்ல. திருத்தத்துல போய் பார்த்தா வருஷ விற்பனை வரி வசூல் 4,650 கோடி டாலரை தாண்டினா அதுக்கு மேல வர்றதுல முதல் 100 கோடி டாலர் தண்ணிக்கு, 2027ல ஆரம்பிச்சு 20 வருஷத்துக்கு. இவ்வளவு பெரிய விஷயத்தை பூத்ல நின்னுக்கிட்டு யோசிக்க முடியுமா சொல்லுங்க.

கையேட்டுல எனக்கு ரொம்ப பிடிச்சது, இப்போ சட்டம் என்ன, மாத்தினா என்ன ஆகும்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம் ஆதரிக்கிறவங்க என்ன சொல்றாங்க எதிர்க்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு ரெண்டு பக்கத்தையும் வைக்கிறாங்க, இதுக்கு போடு அதுக்கு போடாதேன்னு எங்கயும் சொல்றதில்ல. நடை கொஞ்சம் சட்ட நடைதான், மெதுவா படிக்கணும். நேரம் இல்லாதவங்க லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்ங்கிற கட்சி சாராத அமைப்பு நடத்துற வோட்411 தளத்துல அட்ரஸ் போட்டு சுருக்கமா பார்த்துக்கலாம், ஆனா பணம் சம்பந்தப்பட்ட ப்ரொபொசிஷனுக்காவது கையேட்டை ஒரு தடவை புரட்டிடுங்க.

இதெல்லாம் எப்படியும் பாஸ் ஆயிடும், நாம எதுக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதைக் கேட்டா மனசு கஷ்டமா இருக்கும். பெரும்பாலும் பாஸ் ஆகுதுங்கறது உண்மைதான், 2025ல வந்த 17 திருத்தமுமே பாஸ். ஆனா 2023ல 14 வந்துச்சு, அதுல நீதிபதிகள் கட்டாய ஓய்வு வயசை 75ல இருந்து 79 ஆக்குற திருத்தத்தை மக்கள் தோக்கடிச்சாங்க. அந்த தேர்தல்ல பதிவு பண்ணவங்கள்ல ஓட்டு போட்டது சுமார் 14 சதவீதம்தான், அவ்வளவு கம்மி பேர் வர்ற இடத்துல உங்க வீட்டு நாலு ஓட்டுக்கு இருக்கிற மதிப்பு ஜனாதிபதி தேர்தல்ல கூட கிடைக்காது. இதுல கவர்னர் கையெழுத்தும் தேவையில்ல, மாநில சட்டமன்றத்தோட ரெண்டு அவையிலயும் மூணுல ரெண்டு பங்கு பேர் ஒத்துக்கிட்டா நேரா நம்மகிட்டதான் வருது.

இன்னொண்ணு, வாக்குச்சாவடியில ஓட்டு போடுற இடத்துல இருந்து 100 அடிக்குள்ள போன் யூஸ் பண்ணக்கூடாது, அதனால பிடிஎஃப்ஐ அங்க போய் திறந்துக்கலாம்னு இருக்காதீங்க. நம்பர் வாரியா எதுக்கு ஆதரவு எதுக்கு எதிர்ப்புன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, அதுக்கு தடை இல்ல.