தடுப்பூசி அட்டையை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை: நாய்ச் சந்திப்புக்கு டிக்கெட் எடுக்கும் முன் படியுங்கள்

பெரிய நகரத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஓர் ஏக்கம் தீராமலே இருக்கும். லீஷை அவிழ்த்துவிட்டு நாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட ஓர் இடம் கிடைக்காதா என்பதுதான் அது. நாய்களையும் வளர்ப்பவர்களையும் ஓரிடத்தில் கூட்டும் ‘நாய்ச் சந்திப்பு’ என்று டிக்கெட் விற்று, அந்த ஏக்கத்தைக் காசாக்குகிறவர்களிடம் போன மாதம் நான் ஏமாந்தேன். அதே ஆட்கள் அதே படத்தைப் போட்டு மறுபடியும் டிக்கெட் விற்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் நாய் சின்னானுக்கு நாலு வயது. குட்டியாகத் தெருவிலிருந்து எடுத்து வளர்த்தேன். மற்ற நாய்களைப் பார்த்தால் முதலில் பயப்படுவான், அப்புறம் பழகிக்கொள்வான். அவனைக் கூட்டிப்போக நான் இடம் தேடித்தான் தேர்ந்தெடுப்பேன். இந்தச் சந்திப்பின் அறிவிப்பில் புல்வெளி, சிறிய நாய்களுக்குத் தனி அடைப்பு, கூடவே ஒரு கால்நடை மருத்துவர் என்று எல்லாம் இருந்தன. ‘தடுப்பூசிச் சான்று இல்லாத நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்ற வரியைப் பார்த்ததும் பணம் கட்டிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் அது ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி. படத்தில் பச்சையாகத் தெரிந்தது சிமெண்ட் தரைமேல் விரித்த செயற்கைப் புல். உச்சி வெயிலில் அது நிஜப் புல்லைவிட அதிகமாகச் சுடும். சின்னான் அதன்மேல் கால் வைத்தான், எடுத்தான், மறு காலை வைத்தான். புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஏழு நொடி வைத்திருக்க முடியாத தரையில் நாயை நடக்க விடக்கூடாது என்பார்கள். என்னால் மூன்று நொடிகூட வைக்க முடியவில்லை.

நுழைவாயிலில் தடுப்பூசி அட்டையை நீட்டினேன். “அதெல்லாம் வேண்டாம்க்கா, உள்ளே போங்க” என்று கையில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார் அந்தப் பையன். எனக்கு முன்னால் போனவரிடமும் கேட்கவில்லை, பின்னால் வந்தவரிடமும் கேட்கவில்லை. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். பணம் கட்டியாகிவிட்டதே என்று உள்ளே போனேன்.

தனி அடைப்பு எதுவும் இல்லை. முப்பது நாற்பது நாய்களுக்குக் குடிக்க ஒரே ஒரு தொட்டி. தண்ணீரில் முடி மிதந்தது, ஓரமெல்லாம் எச்சில் நுரை. ஒரு பெரிய நாய் லீஷ் இல்லாமல் சின்னானையே சுற்றிச் சுற்றி வந்தது. இவன் உதட்டை நக்கினான், கொட்டாவி விட்டான், கண்ணின் வெள்ளை தெரிய முகத்தைத் திருப்பிக்கொண்டான், வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டான். பயந்த நாய் காட்டும் அடையாளங்கள் இவை. ஏற்பாட்டாளரிடம் சொன்னேன். “விளையாடுதுங்க, விடுங்க” என்றார். விளையாடும் நாய்கள் முன்காலை நீட்டித் தாழ்ந்து ஒன்றையொன்று அழைக்கும், மாறி மாறித் துரத்தும். ஒரு நாய் மட்டுமே துரத்தி, மற்றது ஒளிய இடம் தேடினால் அது விளையாட்டு இல்லை. நாய்ச் சந்திப்பு நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

அன்றைக்கு மிக மோசமாக நடந்தது இன்னொரு நாய்க்கு. எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பக் நாய்க்கு இரைப்பு கூடிக்கொண்டே போய், கரகரவென்று சத்தம் வந்து, கடைசியில் படுத்துவிட்டது. நாய்கள் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்வதில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான் அவற்றுக்கு முக்கிய வழி. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான இனங்களுக்கு அந்த வழியும் குறுகல். நாயின் இயல்பான உடல் சூடு சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் எங்கே என்று கத்தினோம். “வந்துக்கிட்டே இருக்கார்” என்றார்கள். அவர் வரவே இல்லை. பாட்டில் பாட்டிலாக அதன் உடம்பில் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறினோம். அதை வளர்க்கும் அம்மா அதை அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். பிழைத்துவிட்டது என்று மறுநாள் அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நாங்களும் உடனே கிளம்பிவிட்டோம். ஆறாம் நாள் இரவு சின்னான் இருமினான். தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்று நினைக்கும்படி, வறண்ட இருமல், முடிவில் ஓங்கரிப்பு. மருத்துவர் அவன் தொண்டையை லேசாக அழுத்தியதும் அதே இருமல் வந்தது. கென்னல் காஃப், அதாவது நாய்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் இருமல் என்றார். தொற்றிய உடனே தெரியாது, பெரும்பாலும் 2 முதல் 14 நாளுக்குள் வெளிப்படும். நாய்கள் கூடும் இடத்தில், ஒரே பாத்திரத்தில் வாய் வைக்கும் இடத்தில் சுலபமாகப் பரவும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி இதைத் தடுக்காது, இதற்கு வேறு தடுப்பூசி. அது போட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் நோயின் வேகம் குறையும். சின்னான் மூன்று வாரத்தில் தேறினான். அந்த மாடியில் தடுப்பூசி முடியாத சின்னக் குட்டிகளையும் பார்த்தேன். குட்டிகளுக்குத் தடுப்பூசி வரிசை முடிய ஏறத்தாழ 16 வார வயது ஆகிவிடும். அதற்குள் குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் தொற்றினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘எது நடந்தாலும் உரிமையாளரே பொறுப்பு’ என்று டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினார்கள். இல்லாத மருத்துவரையும் புல்வெளியையும் சொல்லி விற்றதற்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

இப்படி ஒரு சந்திப்புக்குப் போவதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் இடத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில். நிழல் எங்கே விழுகிறது, தரை என்ன தரை என்று பாருங்கள். வரப்போகும் மருத்துவரின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் மருத்துவர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் கிண்ணமும் உங்களுடையதாக இருக்கட்டும். வாசலில் உங்கள் அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை என்றால், உள்ளே இருக்கும் எந்த நாயின் அட்டையையும் பார்த்திருக்க மாட்டார்கள். பணம் போனாலும் பரவாயில்லை, அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.

அன்று வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ரசீதையும் அந்த அறிவிப்பின் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். பக் நாயின் சொந்தக்காரரும் நானும் சேர்ந்து எழுத்தில் புகார் கொடுக்கப்போகிறோம். உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம்.