தண்டையார்பேட்டை ஸ்கேன் சென்டர்: எம்.எஸ். நோயாளி எவ்வளவு தூரம் நம்பலாம்?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் இந்த சென்டரில் மெஷினைக் குறை சொல்ல முடியாது. 3 டெஸ்லா (காந்தத்தின் வலிமை) எம்.ஆர்.ஐ. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு, அதாவது மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் எம்.எஸ். நோய்க்கு, 1.5 டெஸ்லாவே போதும், 3 என்றால் சின்ன லீஷன்களும் (நோய் பாதித்த புள்ளிகள்) தெளிவாகத் தெரியும். ஆனால் எம்.எஸ். உறுதியானவர் வருஷா வருஷம் ஸ்கேன் எடுப்பது, போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவே என்ன மாறியது என்று பார்க்கத்தான். அந்த வேலையில் சென்டர் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது.

சிக்கல் கவுன்டரிலேயே தொடங்குகிறது. சீட்டில் வெறுமனே ‘எம்.ஆர்.ஐ. ப்ரெய்ன்’ என்று இருந்தால் சாதாரணத் தலைவலிக்காரருக்கு எடுப்பதையே எடுத்து அனுப்பிவிடுகிறார்கள்: 5 மி.மீ. தடிமனில் ஸ்லைஸ், நடுநடுவே இடைவெளி. 3 மி.மீ. லீஷன் ஒன்று அந்த இடைவெளியில் விழுந்தால் தெரியாது. அடுத்த வருஷம் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தால் அதே லீஷன் தலைகாட்டும், ‘புதிது’ என்று ரிப்போர்ட் வரும், மருந்தை மாற்றுகிற பேச்சு எழும். இதைத் தவிர்க்க லீஷன்களை எடுப்பாகக் காட்டும் 3டி ஃப்ளேர் என்ற வகைப் படம் வேண்டும், எல்லாப் பக்கமும் 1 மி.மீ. அளவில். டி2 என்ற இன்னொரு வகைப் படம் 3 மி.மீ.க்கு மேல் தடிமன் இல்லாமல், இடைவெளி விடாமல் இருக்க வேண்டும். இரண்டும் இங்கே எடுக்க முடியும், கேட்டால்தான் எடுப்பார்கள். நரம்பியல் டாக்டரிடம் ‘எம்.எஸ். புரோட்டோகால், 3டி ஃப்ளேருடன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

இப்போது அழற்சியுள்ள லீஷனைப் படத்தில் ஒளிரவைக்கும் கான்ட்ராஸ்ட் ஊசியைப் பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறார்கள். ஒப்பிட நல்ல பழைய படம் இருந்தால் வருடாந்திர ஸ்கேனுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. 2021இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. முதல் தடவை நோயை உறுதிசெய்யும்போதும், பழைய படம் கிடைக்காதபோதும் போட்டுக்கொள்ளலாம். அப்போது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். ஊசி மருந்து காடோலினியத்தை இறுக்கமாகப் பிடித்துவைக்கும் மேக்ரோசைக்ளிக் வகைதானா என்றும் கேளுங்கள். 60 கிலோ எடைக்கு அந்த வகையில் காடோட்டரேட் என்றால் 12 மி.லி., காடோபூட்ரால் என்றால் 6 மி.லி. ஊசி போட்டு குறைந்தது 5 நிமிஷம் கழித்தே டி1 (ஒளிர்வைக் காட்டும் படம்) எடுக்க வேண்டும். கூட்டமான நேரத்தில் இங்கே உடனே ஓட்டிவிடுகிறார்கள், அப்புறம் ஒளிர வேண்டிய லீஷன் மங்கிக் கிடக்கும். ஊசிக்கும் டி1க்கும் நடுவே டி2வை எடுத்தால் நேரமும் வீணாகாது. கேட்டால் டெக்னீஷியன்கள் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். ஸ்டீராய்டு ஏறியிருந்தாலும் ஒளிர்வு அடங்கிவிடும் என்பதால் எந்தத் தேதியில் ஏற்றினார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்தான் பெரிய ஏமாற்றம். ‘டீமைலினேஷனுக்குப் (நரம்பு உறைச் சிதைவு) பொருந்தும் பல புள்ளிகள்’ என்று முடித்துவிட்டால் நரம்பியல் டாக்டருக்கு என்ன பயன்? அவருக்கு வேண்டியது எந்தத் தேதிப் படத்தோடு ஒப்பிட்டார்கள், புதிய லீஷன் எத்தனை, பெரிதானது எத்தனை, ஒளிர்வது எத்தனை என்பது. பழைய ஸ்கேனின் சிடியை முன்கூட்டியே கொடுத்தால் ஒப்பிட்டு எழுதுகிறார்கள், ஒரு நாள் கூடுதலாகும். ஃபிலிம் மட்டும் கொண்டுபோனால் வேலைக்கு ஆகாது.

எப்போது எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. மருந்து வேலை செய்யத் தொடங்குமுன் வந்த லீஷனுக்கு மருந்தின் மேல் பழி விழக்கூடாது. அதனால் மருந்து தொடங்கிய 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு புது அடிப்படைப் படம், பிறகு வருடத்துக்கு ஒன்று. நடாலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்தை எடுப்பவருக்கு ஜேசி வைரஸால் வரும் மூளைத் தொற்றின் அபாயம் அதிகம் என்றால் 3, 4 மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளேர், டி2, டிஃப்யூஷன் என்ற மூன்று வகைப் படங்கள் மட்டும் போதும். இந்தக் குட்டி ஸ்கேனுக்கும் முழுக் கட்டணமே வாங்குகிறார்கள், நியாயமே இல்லை. ‘ஹோல் ஸ்பைன்’ பேக்கேஜையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நோயை உறுதிசெய்யும்போது முதுகுத்தண்டுப் படம் அவசியம், வருஷா வருஷம் எல்லோருக்கும் வேண்டாம்.

வாசலில் படிகள், சாய்தளம் இல்லை. காத்திருக்கும் இடத்தில் புழுக்கம். சூடு ஏறினால் எம்.எஸ். அறிகுறிகள் கூடும் என்பதால் காலை நேரமாகக் கேளுங்கள். எண்ணூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் கன்டெய்னர் லாரிகளோடு மல்லுக்கட்டாமல் விம்கோ நகரில் மெட்ரோ ஏறலாம்.

கிளம்புமுன் சிடியை அங்கேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 3டி ஃப்ளேர் தொடரில் சுமார் 160 படமாவது இருக்கும். இருபது, இருபத்தைந்துதான் இருக்கிறது என்றால் பழைய 5 மி.மீ. கதைதான், அங்கேயே நின்று திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.