மாத உதவித்தொகையா, பிறப்பு முதலீடா?

அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பின்படி, வெள்ளையர் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு (பாதிக் குடும்பங்களுக்கு இதைவிடக் கூடுதல், பாதிக்குக் குறைவு) 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களுக்கோ அது 44,900 டாலர்தான். இந்த இடைவெளியை எதிர்கொள்ள இரண்டு வழிகள் நடைமுறைக்கு வந்துள்ளன.

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் 2018-இல் தொடங்கிய திட்டம், மானிய வாடகைக் குடியிருப்புகளில் வாழும் கறுப்பினத் தாய்மாருக்கு ஓராண்டுக்கு மாதம் 1,000 டாலரை நிபந்தனையின்றி வழங்கியது. வாடகை பாக்கி, பள்ளிச் செலவு, பழுதான கார் என எது முதலில் கழுத்தை நெரிக்கிறதோ, அதைத் தாயே தீர்மானிக்கலாம். அவர்மீது வைக்கப்படும் இந்த நம்பிக்கை எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. ஆயினும் ஆண்டு முடிந்ததும் பணம் நின்றுவிடும்.

கனெடிகட் மாநிலமோ, 2023 ஜூலை 1 முதல் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின்கீழ் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும், இனம் பாராமல், 3,200 டாலரை முதலீடு செய்கிறது. அக்குழந்தை வளர்ந்து 18 முதல் 30 வயதுக்குள் வீடு வாங்கவோ, தொழில் தொடங்கவோ, மேற்படிப்புக்கோ, ஓய்வுக்காலச் சேமிப்புக்கோ அதைப் பெறலாம். இனத்தின் பெயரால் வீட்டுக் கடன் மறுக்கப்பட்ட கறுப்பினத் தலைமுறைகள் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல முடியாமற்போன மூலதனத்தை ஓரளவேனும் ஈடுசெய்வது இதுவே என்பதால், நான் இதையே முதன்மையாகக் கருதுகிறேன். ஆனால் இந்த மாத வாடகைக்குத் தவிக்கும் தாயிடம் பதினெட்டு ஆண்டுகள் பொறுத்திருக்கச் சொல்ல எந்த அரசுக்கும் உரிமையில்லை.