மூன்று வருடம் கார் சாவியைப் பையில் போட்டு வைத்த அனுபவம்

போன வாரம் நண்பன் கேட்டான்: "கீலெஸ் கார் எடுத்திருக்கேன்டா. சாவியைப் போட்டு வைக்கிற அந்தப் பை நிஜமாவே வேலை செய்யுதா?" சாவியை வெளியே எடுக்காமலே, கைப்பிடியைத் தொட்டால் திறக்கும் கார்தான் கீலெஸ். அந்தச் சாவிக்கும் காருக்கும் நடுவே போகும் சிக்னலைத் தடுத்து, ரிலே திருட்டிலிருந்து காப்பதற்குத்தான் இந்தப் பை. இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன், இது என்னுடைய இரண்டாவது பை. முதல் பை மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ரிலே திருட்டு பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கார் தன் சாவியைக் கூப்பிட 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு சிக்னல் அனுப்பும். அது இயல்பாக ஒன்றிரண்டு மீட்டர்தான் எட்டும். ஒருவன் கார் பக்கத்திலும் இன்னொருவன் நம் வாசல் பக்கத்திலும் கருவியோடு நின்று, அந்தச் சிக்னலை வீட்டுக்குள் இருக்கும் சாவி வரை நீட்டிவிடுகிறார்கள். சாவியும் கார் அருகில்தான் இருக்கிறது என்று பதில் சொல்லிவிடுகிறது. ரகசியக் குறியீட்டை யாரும் உடைப்பதில்லை, அப்படியே கடத்துகிறார்கள், அவ்வளவுதான். அதனால் "என் காரில் என்க்ரிப்ஷன் பலமாக இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பத்துமே ஏமாந்தன. எஞ்சின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால், சாவி தூரம் போனாலும் கார் நிற்காது. ஓடும்போது திடீரென்று அணைந்தால் ஆபத்து என்பதால் அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். திருடனுக்கும் அதுவே வசதி.

இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் 2017இல் வெளியிட்ட, இப்படி ஒரு திருட்டின் கேமரா காட்சியைப் பார்த்த பிறகுதான் நான் பை வாங்கினேன். கண்ணாடி உடையவில்லை, அலாரம் அடிக்கவில்லை. சொந்தக்காரர் வண்டி எடுத்துப் போவது மாதிரி எடுத்துப் போனார்கள்.

முதல் பை வந்த அன்றே சாவியை உள்ளே போட்டு, மூடி, கார் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. பத்து தடவை பார்த்தேன். வெளியே எடுத்ததும் டக்கென்று திறந்தது. அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துணிப்பை, பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, காரில் எதையும் பிரிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சாவியைப் பைக்குள் போடுவது ஒரே வாரத்தில் பழகிவிட்டது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலை. இரண்டு கையிலும் பை, மூட்டை. கார் சாவி அதன் பைக்குள், அந்தப் பை என் சட்டைப் பாக்கெட்டுக்குள். சாவியை எடுக்க வேண்டுமே என்று நினைத்தபடி கதவில் சாய்ந்தேன். கை பட்டதும் பூட்டு திறந்த சத்தம் கேட்டது. பின்னால் நின்ற மனைவி, "ஏங்க, சாவி பைக்குள்ளதானே இருக்கு?" என்றாள். இருந்தது. மூடி ஒழுங்காக ஒட்டியிருந்தது. பூட்டிவிட்டு மறுபடி தொட்டேன், மறுபடி திறந்தது.

அன்று மாலை பையைக் கத்திரிக்கோலால் வெட்டிப் பிரித்தேன். பாலியெஸ்டர் துணி மேல் மெல்லிய உலோகப் பூச்சு, அதுதான் லைனிங். பையின் அடியில் அது புதிதுபோல மின்னியது. வாய் மடியும் இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் கோடு. நகத்தால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது கோடு நெடுக ஊசிமுனை அளவில் ஓட்டைகள். நாளைக்கு நான்கு தடவை திறந்து மூடினாலே ஒன்றரை வருடத்தில் இரண்டாயிரம் மடிப்பைத் தாண்டிவிடும். அந்தப் பூச்சு அத்தனையைத் தாங்கவில்லை.

தேய்ந்ததற்காக நான் கோபப்படவில்லை. தேயாத பொருள் எது? டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பிரேக் பேட் தேய்ந்தால் கிரீச்சிடும். இந்தப் பை செத்த பிறகும் வெளியே அதே கருப்பு, அதே பளபளப்பு. எத்தனை ராத்திரி அது வெறும் துணியாக என் மேசையில் கிடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு வாரமா, நான்கு மாதமா? விற்றவரிடம் கேட்டபோது, "துணிதானே சார், தேயத்தான் செய்யும், வருஷத்துக்கு ஒண்ணு மாத்திடுங்க" என்றார். சரி, அதை அட்டையில் ஒரு வரி அச்சடித்திருக்கலாமே! பாதுகாப்புக்கென்று விற்கும் பொருளில் அந்த ஒரு வரிதான் முக்கியம்.

இரண்டாவது பையை வாங்கியதிலிருந்து ஞாயிறு தவறாமல் சோதிக்கிறேன். சாவி உள்ளே இருக்க, பையைக் கைப்பிடிக்கு ஒட்டினாற்போல் பிடித்து, நாலு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டடி தள்ளி நின்று "திறக்கலையே" என்று சொல்வது சோதனை ஆகாது. திருடன் கொண்டுவரும் ஆன்டெனா காரின் ஆன்டெனாவை விடப் பலமானது. இவ்வளவு மெல்லிய துணி, காரிலிருந்து வரும் தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலத்தை முழுதாக அடக்குவது கடினம். சாவி திருப்பி அனுப்பும் பதிலை அடக்குவதுதான் அதன் பெரும்பங்கு வேலை. இன்னொன்று, பல பைகளில் இரண்டு அறை இருக்கும். லைனிங் ஓர் அறையில் மட்டும்தான். அவசரத்தில் வெளி அறையில் போட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மாற்றுச் சாவியை முதல் வருடம் நான் யோசிக்கவே இல்லை. அது வாசலுக்குப் பக்கத்து அலமாரியிலேயே கிடந்தது. இப்போது இறுக்கமான மூடி போட்ட ஒரு தகர டப்பாவில் இருக்கிறது. சொல்லப்போனால் பையை விட இந்த டப்பா எனக்குப் பிடித்திருக்கிறது, மடிப்பே கிடையாது. ஆனால் எல்லா டப்பாவும் தடுக்காது. முதலில் எடுத்த டப்பா தோற்றது.

கையேட்டைப் பொறுமையாகப் படித்தபோது கிடைத்த ஒரு விஷயம் இதையெல்லாம் விடப் பெரியது. என் சாவியில் இரண்டு பட்டனைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் அது தூங்கிவிடும். காலையில் ஒரு பட்டனை அழுத்தினால் விழிக்கும். தூங்கும் சாவி யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாது. சில கார்களில் கீலெஸ் நுழைவை மெனுவிலேயே அணைக்கலாம். ஃபோர்டு 2019இல் கொண்டுவந்த சாவி, 40 விநாடி அசையாமல் இருந்தால் தானாகவே தூங்கிவிடும். அல்ட்ரா வைட்பேண்ட் என்ற ரேடியோ தொழில்நுட்பம் உள்ள புதிய கார்கள் சிக்னல் போய்வரும் நேரத்தை அளந்து சாவி இருக்கும் தூரத்தைக் கணக்கிடுகின்றன. கருவி வைத்துச் சிக்னலை நீட்டலாம், ஆனால் போய்வரும் நேரத்தைக் குறைக்க முடியாது.

ஸ்டீயரிங் லாக்கும் போடுகிறேன், கண்ணுக்குத் தெரியும் அந்த இரும்புத் தடிதான். சாவியைத் தொடாமலே செய்யும் திருட்டு ஒன்று 2023இல் பரவலாக வெளியே தெரிய வந்தது. முகப்பு விளக்குக்குப் போகும் ஒயரில் இணைந்து, சாவி சரியாக இருக்கிறது என்ற செய்தியைக் காரின் உள் நெட்வொர்க்கில் புகுத்திவிடுகிறார்கள். அங்கே உலகத்திலேயே நல்ல பை இருந்தாலும் உதவாது. இரும்பை அறுக்க நேரம் ஆகும், சத்தம் வரும்.

நியாயமாகப் பார்த்தால் பை தன் ஆயுள் இருந்தவரை சொன்ன வேலையைச் செய்தது. இரண்டாவது பை இன்றும் செய்கிறது. கார் என் வாசலில்தான் நிற்கிறது. இருந்தும் நண்பனுக்கு "வாங்காதே" என்றுதான் எழுதினேன். கோபத்தில் சொல்கிறேன் என்று தெரிகிறது, ஆனாலும் மாற்றிக்கொள்ள மனசில்லை. முதலில் கையேட்டை எடுத்து உன் சாவியைத் தூங்க வைக்க முடியுமா பார், ஷோரூமில் கொடுத்த இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று தேடு, ஸ்டீயரிங் லாக் வாங்கு. உன் சாவியில் அந்த வசதி இல்லாவிட்டால் மட்டும் பை. அதையும் வாங்கிய தேதியை மார்க்கரில் பை மேலேயே எழுதி வை.

உடனே பதில் அனுப்பினான்: "ரெண்டாவது சாவி வாசல் ஆணியிலதான்டா தொங்குது." முதலில் அதைக் கழற்றி உள்ளே கொண்டு போ என்றேன்.