வீடியோவுக்கு எவ்வளவு எடிட்டிங் வேண்டும்?

தடுமாறிய இடங்களை வெட்டி, ஒலி அளவைச் சமப்படுத்தி, நிறத்தைக் கொஞ்சம் சரிசெய்து, தேவையான இடத்தில் ஒரு வரி எழுத்து போட்டால் அது எளிய எடிட்டிங். பி-ரோல் (பேச்சுக்கு மேலே காட்டும் துணைக் காட்சிகள்), மோஷன் கிராபிக்ஸ் (அசையும் எழுத்தும் படங்களும்), ஸூம், ஒலி விளைவுகள் என்று டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் எடிட்டிங் பட்டையில், ஏழெட்டு அடுக்கு ஏறினால் சிக்கலானது. புதிதாகச் சேனல் தொடங்குகிறவர்கள் பலரும் இரண்டாவதைப் பார்த்து ஆசைப்பட்டு, நாலாவது வீடியோவிலேயே களைத்துப்போகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எளியது என்றால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். 'அதனால்' என்று தொடங்குவதற்கு முன் பேசுகிறவர் மூச்சை இழுக்கிறார். அந்த மூச்சை ஒட்ட நறுக்கிவிட்டால், பத்து நிமிடம் கேட்கிறவருக்கே மூச்சு முட்டும். நான் நாலைந்து ஃபிரேம், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்கள், விட்டுவைப்பேன். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவில் 5 ஃபிரேம் என்பது நொடியில் ஆறில் ஒரு பங்குதான். ஆனாலும் பேச்சு இயல்பாகிவிடும். அப்புறம் ஜம்ப் கட். வெட்டிய இடத்தில் தலை துள்ளும். அடுத்த துண்டை 10, 15 சதவீதம் பெரிதாக்கினால் வேறு கோணத்தில் எடுத்ததுபோல் தெரியும். 4கே என்ற பெரிய அளவில் எடுத்து, அதைவிடச் சின்ன 1080 அளவில் வெளியிடுகிறவர்களுக்கு இதில் தெளிவும் குறையாது. படப்பிடிப்பின்போதே யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் ஒலியைப் பதிவுசெய்து வைத்தால், வெட்டுகளுக்கு இடையே விழும் மௌனப் பள்ளங்களை நிரப்பலாம்.

சிக்கலான பாணிக்கு நேரம் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். திருத்தும்போது என்ன ஆகும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஒரு சொல் பக்கவாட்டிலிருந்து நுழைந்து, நின்று, மறைய 2 நொடி. அதற்கு இடம், அளவு, ஒளிபுகும் தன்மை என்று தனித்தனியாக கீஃபிரேம், அதாவது மாற்றம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறி, வைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பேச்சில் ஒரு வாக்கியம் தவறு என்று தெரிந்தால், அதையொட்டி அடுக்கிய அத்தனையும் நகர வேண்டும். எளிய டைம்லைனில் அதே திருத்தம் சில நிமிட வேலை.

சரி, அப்படியானால் சிக்கலான பாணி வேண்டாமா? கண்ணுக்குத் தெரியாத விஷயங்களுக்குக் கட்டாயம் வேண்டும். இதயத்தின் நாலு அறைகளுக்குள் ரத்தம் எந்த வழியாகப் போய் வருகிறது, கூட்டு வட்டி 20 வருடத்தில் எப்படி ஏறுகிறது என்பதையெல்லாம் வாயால் எத்தனை முறை சொன்னாலும், அசையும் ஒரு படத்துக்கு ஈடாகாது. மென்பொருள் கற்றுத்தரும் வீடியோவில் மூலையிலிருக்கும் சின்னப் பொத்தானை நோக்கி ஸூம் போகாவிட்டால், ஃபோனில் பார்க்கிறவர் தொலைந்துபோவார்.

தையல் வகுப்பு இதற்கு நேரெதிர். ஊசி துணிக்குள் இறங்கி, நூல் வளையமாகி, அதற்குள் ஊசி திரும்ப நுழையும் அந்த ஆறேழு நொடியைத்தான் பார்க்கிறவர் தேடி வந்திருக்கிறார். நடுவில் காட்சி மாறினால் பாடமே போய்விடும். தன் இழப்பைப் பற்றி ஒருவர் மெதுவாகப் பேசுவதும் அப்படித்தான். அங்கே ஒரு 'விஷ்' சத்தம் போட்டாலே அவரை அவமதித்ததாகத்தான் எனக்குப் படும்.

மென்பொருளை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இரண்டு பாணிக்கும் கருவிகள் இருக்கின்றன.

ஏற்கெனவே வீடியோ போட்டிருந்தால் யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் எங்கே விலகுகிறார்கள் என்ற வரைகோட்டைப் பாருங்கள். முதல் அரை நிமிடத்திலேயே கோடு சரிந்தால் கிராபிக்ஸ் அதைத் தூக்கி நிறுத்தாது. நீளமான முன்னுரையை வெட்டிப் பாருங்கள்.

என் வழக்கம் இதுதான்: முதலில் எளிய பாணியில் முழுதாக முடித்துவிடுவேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்பேன். எந்த இடத்தில் 'எது? எங்கே?' என்று மனம் கேட்கிறதோ, அங்கே மட்டும் படமோ கிராபிக்ஸோ சேர்ப்பேன். கடைசியாகச் செய்த 8 நிமிட வீடியோவில் அப்படி 3 இடங்கள்தான் தேறின.