என் ஹோலில் ஓடும் கல்யாண வீடியோ

தெஹிவளையில் இருக்கும் நண்பன் போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நான் வைத்திருக்கும் அதே 55 அங்குல டிவி, அதே மொடல். பழைய விலையைச் சிவப்புக் கோட்டால் வெட்டிப் புது விலை போட்டிருக்கிறார்கள். "மச்சான், விலை விழுந்திட்டுது. எடுக்கவோ?" என்று கேட்டிருந்தான். ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்க வேண்டிய விஷயம். ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று பின்னேரம்தான் என் டிவி திருத்தக் கொடுத்த இடத்திலிருந்து வந்திருந்தது. நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை கே, எத்தனை எச்.டி.எம்.ஐ. துளை என்பதையெல்லாம் கடைக்காரரே ஒப்புவித்துவிடுவார். நான் 3 வருடம் 8 மாதம் பாவித்தவன். கறுப்பு நல்ல கறுப்பு. நிறம் கண்ணை உறுத்தாது. தோல் தோலாகத் தெரியும், தக்காளியாகத் தெரியாது. சத்தம் மட்டும் தகரப் பேணிக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். ஒரு சவுண்ட்பார் வாங்கி அதையும் மறந்தாயிற்று. இந்த வருடம் கீழ் இடது மூலை இருண்டுகொண்டு வந்தது. வீடு வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட. திருத்துகிற அண்ணை பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உப்புக் காத்து, சேர்" என்றார். பேக்லைட் பட்டிகளையும் மெயின் போர்டையும் மாற்றினார். எல்லாமாக 46,000 ரூபா. அதில்கூட எனக்குக் கோபம் இல்லை. கடலோடு குடியிருந்தால் கடலுக்கும் வாடகை கொடுக்கத்தான் வேண்டும்.

கொண்டுவந்து மாட்டிவிட்டு, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, "இப்ப பாருங்கோ சேர், தண்ணி மாதிரி ஓடும்" என்றார். உண்மைதான், தண்ணீர் மாதிரித்தான் ஓடியது. என் பிரச்சினையே அதுதான்.

அன்றிரவு எல்லாரும் படுத்த பிறகு ஒரு பழைய தமிழ்ப் படத்தைப் போட்டேன். பிலிம் சுருளில் எடுத்த காலத்துப் படம். மழை, ஸ்டேஷன், நகரத் தொடங்கும் ரயில், மேடையில் ஓடிவரும் நாயகி. எத்தனையோ தடவை பார்த்த காட்சி. இந்த முறை அவள் ஓடியபோது எனக்கு அவள் நாயகியாகத் தெரியவில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில், வீடியோக்காரர் லைட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, மணவறைக்குப் பிந்திவிட்ட தோழிப் பெண் மாதிரி இருந்தாள். மழை மழையாக இல்லை, யாரோ மேலே நின்று குழாயால் அடிப்பது தெரிந்தது. ஸ்டேஷன் சுவர் ஒட்டுப்பலகையாகிவிட்டது. பின்னால் போகும் ரயிலின் சன்னல் கம்பிகள் அவள் தோளைக் கடக்கும்போது மட்டும் ஜெலி மாதிரி ஒரு தரம் வளைந்து, பிறகு நிமிர்ந்தன. பின்னலைச் சுற்றி வெயில் நாளில் தார் ரோட்டுக்கு மேல் தெரிகிற நடுக்கம்.

மெயின் போர்ட் புதிது. ஆகவே டிவி என் 3 வருடத்துச் செட்டிங்கையெல்லாம் மறந்து, தொழிற்சாலையில் பிறந்த நாளுக்குத் திரும்பிவிட்டது. பிறந்த நாளில் அநேகமான டிவிகளில், அசைவை வழுவழுப்பாக்கும் அந்தச் சனியன் ஓனில்தான் இருக்கும்.

முதல் முறை வாங்கியபோது இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் போனது. முதலில் இன்டர்நெட்டைத் திட்டினேன். பிறகு கேபிளில் பிழை என்று நினைத்துப் புதுக் கேபிள் வாங்கினேன். அதற்கும் பிறகு, இவ்வளவு தெளிவான டிவியில் படங்களின் மலிவு அம்பலமாகிறது போலும் என்று படமெடுத்தவர்களையே சந்தேகப்பட்டேன். அதுதான் இதில் உள்ள மோசம். கோளாறு டிவியில் இருக்கிறது, பழி படத்தின் மேல் விழுகிறது. நடிப்புச் சரியில்லை, செட் சரியில்லை, மேக்கப் அப்பியிருக்கிறது என்றுதான் தோன்றும். இடையில் ஒரு பெட்டி கைவைத்திருக்கிறது என்று தோன்றாது.

கைவைப்பது இப்படி. சினிமா என்பது விநாடிக்கு 24 அசையாப் படம். 1920களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது நிலைத்த கணக்கு அது. சத்தம் ஒழுங்காக வரும், பிலிமும் அதிகம் செலவாகாது. வழக்கமாக ஒவ்வொரு படத்துக்கும் கமெராவின் ஷட்டர் விநாடியில் 48இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் கை கொஞ்சம் கலங்கிப் பதியும். அந்தக் கலங்கலும் 24 என்ற அந்தச் சிறு தத்தலும் சேர்ந்துதான் நாம் சினிமா என்று பழகிய அசைவு. என் டிவியோ விநாடிக்கு 60 தரம் திரையைப் புதுப்பிக்கிறது. 24 கையில் இருக்கிறது, 60 இடம் காலியாக இருக்கிறது. மீதியை அது தானே வரைந்து நிரப்புகிறது. முதல் படத்தில் கை இங்கே, அடுத்ததில் அங்கே, அப்படியென்றால் நடுவில் இந்த இடத்தில் இருந்திருக்கும் என்று ஓர் ஊகம். பெரும்பாலும் ஊகம் சரிவரும். ஒன்று இன்னொன்றை மறைத்துப் போகும் இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்: தோளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அங்கேதான் சன்னல் கம்பி வளைகிறது. எந்தக் கமெராவும் எடுக்காத, எந்த நடிகரும் நடிக்காத படங்களைத்தான் பாதிக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, அசைவு வழுவழுப்பானால் ஏன் மலிவாகத் தெரிய வேண்டும்? கூடினால் நல்லதுதானே? இதற்கு என் பதில் கல்யாண வீடியோதான். அரச சனல் ரூபவாஹினி 1982இல் தொடங்கிய நாளிலிருந்து நம் நாட்டு டிவியில் நாடகம், செய்தி, கிரிக்கெட் எல்லாம் வீடியோ கமெராவின் விநாடிக்கு 50 கணம். கல்யாண வீடியோவும் அதே கணக்குத்தான். தியேட்டரில் பார்த்ததெல்லாம் 24. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் கண் எண்ணி வைத்திருக்கிறது. 50 என்றால் உண்மையாக நடப்பது, யாரோ கமெராவோடு அங்கே நிற்கிறார். 24 என்றால் கதை. டிவி 24ஐ 60 ஆக்கியதும் மூளை அலுமாரியின் தவறான தட்டில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. உடனே நடிகர் நடிப்பது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இதற்குச் சோப் ஒபேரா எஃபெக்ட் என்று பெயர், அந்த ஊர் நாடகங்களுக்குச் சோப்புக் கொம்பனிகள் காசு போட்டதால் வந்த பெயர். நாங்கள் மெகா சீரியல் வியாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

இது எனக்கு மட்டும் வந்த நோய் என்று நினைத்திருந்தேன். 2018 டிசம்பரில் டொம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து இதை ஓஃப் பண்ணிவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டார்கள். விமானத்தில் தொங்குகிற மனுசனே வந்து டிவி மெனுவைப் பற்றிக் கதைக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமே டிவிக் கொம்பனிகளும் பட ஸ்டூடியோக்களும் சேர்ந்து 'ஃபில்ம்மேக்கர் மோட்' என்று ஒன்றை அறிவித்தார்கள். அதைப் போட்டால் இந்த இடைச்செருகல் எல்லாம் தானாக நிற்கும். என் மொடலில் அது இல்லை.

ஆகவே மெனுவுக்குள் இறங்க வேண்டும். அங்கேயும் பெயரை ஒழுங்காக வைக்க மாட்டார்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சம்சுங்கில் பிக்சர் கிளாரிட்டி. எல்லாப் பெயரும் நல்லது செய்கிற மாதிரியே இருக்கும். என் டிவியில் படம், மேம்பட்ட அமைப்பு, தெளிவு என்று மூன்று மாடி இறங்கினால் கிடைக்கும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எச்.டி.எம்.ஐ.யில் ஓஃப் பண்ணினால் டிவிக்குள் இருக்கும் செயலிகளில் ஓனிலேயே இருக்கும். அங்கேயும் ஓஃப் பண்ணிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், வெளிச்சமும் நிறமும் கூடின எச்.டி.ஆர். படம் ஒன்று தொடங்கியதும் வேறு செட்டிங் தொகுதிக்குப் போய் மறுபடியும் கல்யாண மண்டபம். நாலு வாசல் வீட்டில் ஒரு வாசலை மட்டும் பூட்டின கதை. இரண்டாம் வருடம் ஒரு சொப்ட்வெயார் அப்டேட் வந்து நாலு பூட்டையும் ஒரே இரவில் கழற்றியும் விட்டது.

நியாயமாகவும் கொஞ்சம் கதைக்க வேண்டும். கொம்பனிகள் இதை விளையாட்டுக்குச் செய்யவில்லை. பழைய பெட்டி டிவி ஒவ்வொரு படத்தையும் மின்னல் மாதிரிக் காட்டி உடனே இருட்டாக்கிவிடும். இன்றைய திரை அடுத்த படம் வரும்வரை முந்தியதைப் பிடித்துவைத்திருக்கும். நம் கண் அசைகிற பொருளோடு சேர்ந்து நகர, திரை நகராமல் நிற்க, எல்லாம் கலங்கித் தெரியும். அதற்கு மருந்தாகத்தான் இடைப்படங்கள் வந்தன. செய்திச் சனலில் கீழே ஓடும் எழுத்தைப் பாருங்கள், இது ஓனில் இருந்தால் வாசிக்க அவ்வளவு சுகம். கிரிக்கெட்டிலும் கமெரா பந்தைத் துரத்திக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு ஓடும்போது புல் புல்லாகத் தெரியும். பந்து சிலவேளை இரண்டாகத் தெரியும்தான்.

வழுவழுப்பெல்லாம் பொய், அதனால்தான் பிடிக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. 2012இல் பீற்றர் ஜக்சன் ஹொபிட் படத்தை உண்மையாகவே விநாடிக்கு 48 படம் எடுத்தார். ஊகம் எதுவும் இல்லை, எல்லாம் கமெரா கண்டது. அதைப் பார்த்தும் டிவி நாடகம் மாதிரி இருக்கிறது என்றுதான் பலர் முகம் சுளித்தார்கள். ஆக, பாதிப் பழி பழக்கத்தின் மேல். என் மகளுக்குப் பத்து வயது. 60 பிரேமில் கேம் விளையாடி வளர்கிறாள். அவளிடம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். "ஓஃப் பண்ணினா விக்குது அப்பா" என்றாள்.

விக்குவதும் உண்மை. இதைத்தான் நண்பனிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். 24ஐ 60க்குள் சமமாகப் பிரிக்க முடியாது. ஒரு படத்தை மூன்று தரம், அடுத்ததை இரண்டு தரம் என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். ஒன்று 50 மில்லிவிநாடி நிற்கும், மற்றது 33. கமெரா ஆறுதலாக ஒரு ஊரை இடமிருந்து வலமாகக் காட்டும் காட்சியில் அது நொண்டும். 120 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 120 தரம் புதுப்பிக்கும் திரை என்றால் ஒவ்வொன்றையும் ஐந்து தரம் காட்டினால் கணக்குச் சரி, நொண்டல் போய்விடும். என்னுடையது 60. இதைச் சரியாகத்தான் பார்க்கிறேனா என்று சந்தேகம் வந்து, அதற்காகவே ஒரு நாள் சவோய் தியேட்டருக்குப் போனேன். அங்கேயும் அதே 24தான், வேகமாகக் கமெரா திரும்பினால் அங்கேயும் தத்துகிறது. ஆனால் நொண்டவில்லை. நொண்டல் வேறு, தத்தல் வேறு. வீட்டுக்கு வந்து, பத்தில் இரண்டு என்று அந்தச் செட்டிங்கைக் கொஞ்சமாக வைத்தேன். இவ்வளவு திட்டிவிட்டு முழுதாக ஓஃப் பண்ணவும் இல்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

அம்மாவுக்குப் பத்தில் பத்து வேண்டும். அவருடைய சீரியல்கள் வீடியோவாகவே பிறந்தவை, கெடுக்க ஒன்றுமில்லை. சண்டை வேண்டாம் என்று, ஸ்டாண்டர்ட் மோட் அம்மாவுக்கு, சினிமா மோட் எனக்கு என்று பிரித்துவைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். அம்மா தனியாக உட்கார்ந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டாண்டர்ட் மோட். வேட்டி கட்டிய நாயகன் வரம்பில் நடந்து வருகிறான், கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் கூப்பிட வருகிற பெரியப்பா மாதிரி. எனக்குக் கை ரிமோட்டுக்குப் போனது. அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாரடா, ஆள் உயிரோட முன்னால வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். அறுபது வருடத்துக்கு முன் தியேட்டரில் தூரத்தில் இருந்து பார்த்த மனிதர். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

நண்பனுக்கு என்ன சொல்வது? நிறம் நல்லது, கறுப்பு நல்லது, விலையும் இப்போது நியாயம். 3 வருடத்தில் கடல் கடித்தது ஒரு தரம்தான். விற்கச் சொன்னால் நான் விற்க மாட்டேன். "எடுக்காதே" என்று தட்டி அனுப்பிவிட்டேன். ஏன் என்று திருப்பிக் கேட்டிருக்கிறான். பதில் எழுதத் தொடங்கினால் அம்மா ஹோலில் இருந்து கூப்பிடுகிறார்: நாடகம் தொடங்கிவிட்டதாம், முகமெல்லாம் மங்கலாகக் கிடக்கிறதாம், டிவியை என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்.